பாதாள நதியில் ஒரு குரல்

இருட்டில் அம்மாவின் குரல் மேலேயிருந்து வருகிறது, அம்மாவோ என் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், படகு எதையோ உரசிக்கொண்டு வளைவில் திரும்புகிறது, குளோரின் வாடையும் ஈரச் சிமெண்டின் வாடையும் கலந்து மூக்கில் ஏறுகிறது, அன்பு விருந்தினர்களே, நாம் இப்போது பூமிக்குக் கீழே ஓடும் நதிக்குள் வந்துவிட்டோம், கைகளைப் படகுக்கு வெளியே நீட்டாதீர்கள் என்று அந்தக் குரல் சொல்லும்போது நான் கையை நீட்டி அம்மாவின் உதடுகளைத் தடவிப் பார்க்கிறேன், அவை அசையவில்லை, கையை எடுப்பதற்குள் அம்மா என் விரலைக் கடிப்பதுபோல் பாவனை செய்கிறாள், எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது, ஒரே அம்மா இரண்டு இடங்களில் எப்படி இருக்க முடியும். முன் பலகையில் உட்கார்ந்திருக்கும் அப்பா பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம், இது யார் குரல்னு தெரியுதா சார், எங்க வீட்டு அம்மாதான், பின்னாடி இருக்காங்க பாருங்க என்கிறார், அம்மா குனிந்து அவர் முதுகில் கிள்ளுகிறாள், பேசாம வாங்க என்று அவள் காதோடு சொல்வதுகூட மேலேயிருந்து வரும் குரலில் அமுங்கிப்போகிறது. கடைசி வளைவுக்கு முன்னால் எல்லா விளக்குகளும் அணைந்துவிடும், அப்போது குரல் இறங்கி, யாரோ ஒருவரிடம் மட்டும் சொல்வதுபோல், சின்னப் பிள்ளைகள் அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெரியவர்களும் பிடித்துக்கொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லும், எழுதிக் கொடுத்ததில் அது கிடையாதாம், ஒலிப்பதிவின்போது அம்மாவாகச் சேர்த்தாளாம், படகு வெளிச்சத்துக்கு வரும்போது பார்த்தால் உண்மையாகவே மீசைக்காரர்களெல்லாம் அவசரமாகக் கையை விடுவித்துக்கொண்டிருப்பார்கள்.

உல்லாசத் தீவு என்று பெயர், தீவு இல்லை, கோவளம் தாண்டிச் சவுக்குத் தோப்புக்கு நடுவே மதில் எழுப்பிக் கட்டிய பூங்கா, கொலம்பஸ் கப்பல், நீச்சல் குளம், சறுக்குமரம், குட்டி ரயில், எல்லாவற்றுக்கும் பின்னால் குகைபோலச் சிமெண்டில் பூசிய ஒரு பெரிய கொட்டகை, அதற்குள் பாதாள நதி, வளைவுக்கு வளைவு திமிங்கிலம், ஆக்டோபஸ், நாககன்னி என்று பொம்மைகள். அம்மா அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர், இந்திராணி என்ற பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் லைனில் இருங்கள், கோயம்புத்தூர் கிடைத்துவிட்டது என்று அவள் சொல்லிக் கேட்டவர்கள் மறுபடியும் அந்தக் குரல் வராதா என்று காத்திருந்தார்களாம், அப்பா சொல்வார், அவரே அப்படிக் காத்திருந்த ஆள்தான். பூங்காவின் முதலாளி ஊட்டிக்கு அடிக்கடி போன் பேசுகிறவர், படகு சவாரிக்கு ஒரு குரல் வேண்டும் என்றபோது எக்ஸ்சேஞ்சுக்கே ஆள் அனுப்பிவிட்டார். கோடம்பாக்கத்தில் ஒரு மாடியறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள் அம்மா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், இந்தப் பக்கம் நான் முக்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறேன், அவள் வாய் அசைகிறது, கை அசைகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அம்மா என்று கூப்பிட்டால் அவளுக்கும் கேட்கவில்லை, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறேன், இப்போது யோசித்தால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றது அன்று மட்டும்தானா என்று தெரியவில்லை, போன வருஷம் முழுக்க அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேனோ என்னவோ.

கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு மறுபடி போனேன், அதற்குள் வேறு பூங்காக்கள் வந்துவிட்டன, தலைகீழாகத் தொங்கவிடும் ராட்சத ரயில்களெல்லாம் வந்துவிட்டன, பாதாள நதியில் எங்கள் படகு மட்டும்தான் போனது. திமிங்கிலத்துக்குப் பெயிண்ட் உரிந்து உள்ளே கோழிவலை தெரிந்தது, ஆக்டோபஸின் கைகளில் ஒன்றுதான் ஆடியது, அதுவும் முனகிக்கொண்டு, இதுக்கா இவ்ளோ பில்டப் குடுத்த என்று ஒருத்தி சிரித்தாள், நானும் சிரித்தேன். டேப் தேய்ந்திருந்தது, அம்மாவின் குரல் கொஞ்சம் இழுத்து, கனத்து, தூக்கத்திலிருந்து எழுந்தவள் பேசுவதுபோல் இருந்தது, இந்தம்மாவுக்கு என்ன ஜலதோஷமா என்றாள் அதே தோழி, எங்கம்மாடி அது என்றேன், அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், தேஞ்சா தேஞ்சுட்டுப் போகட்டும், நான் என்ன தேஞ்சா போயிட்டேன் என்று எக்ஸ்சேஞ்சுக் குரலில் சொல்லிவிட்டுக் கழுநீரைச் செடிக்கு ஊற்றப் போனாள். பிறகு எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் என்பதே இல்லாமல் போனது, அம்மா ஓய்வு பெற்றாள், அப்பா போய்ச் சேர்ந்தார், உல்லாசத் தீவின் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது, அதை அம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள், படித்துக் காட்டிய குரல் அன்றே கொஞ்சம் கம்மியிருந்தது, பனி என்று நினைத்தோம்.

பனி இல்லை. குரல்வளையில் கட்டி, முழுவதும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர், எடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார், அம்மா என்னைப் பார்த்தாள், சரி, எடுத்துடுங்க என்றாள், அந்தக் குரலை இன்னொரு முறை கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தள்ளுவண்டியில் அவளைப் படுக்கவைத்து நீளமான நடையில் தள்ளிக்கொண்டு போகிறார்கள், கூரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்கின்றன, நானும் கூடவே ஓடுகிறேன், கதவு திறக்கிறது, உள்ளே தண்ணீர், அம்மா படகில் படுத்தபடியே போகிறாள், மேலேயிருந்து குரல் வரும் என்று நான் நிமிர்ந்து பார்க்கிறேன், வரவில்லை, இந்தக் கடைசிப் பகுதி கனவு, பலமுறை வந்த கனவு, ஆனால் நடை நிஜம், விளக்குகள் நிஜம். அம்மா பிழைத்துக்கொண்டாள், கழுத்தின் அடியில் மூச்சுக்கு ஒரு துளை, அதற்குமேல் ஒரு மெல்லிய துணி, உள்ளே சின்னதாக ஒரு வால்வு, துளையை விரலால் மூடிக்கொண்டு பேசினால் பேச்சு வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், வந்தது, தரையில் மரப்பெட்டியை இழுப்பதுபோல் ஒரு குரல். வீட்டுக்கு வந்த வாரமே அம்மா திருச்சியில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டாள், துளையை மூடிக்கொண்டு, புஷ்பா, நான்தான் என்றாள், அந்தப் பக்கம் சித்தி, யாருங்க, ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். நான் உடனே கூப்பிட்டு விவரம் சொன்னேன், சித்தி அழுது தீர்த்தாள், அக்கா கிட்ட குடு, அக்கா கிட்ட குடு என்றாள், அம்மா போனை வாங்கவில்லை, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள், வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேருக்கு இணைப்புக் கொடுத்தவள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வாட்ஸப்பில் அனுப்புவாள், பக்கத்து அறையிலிருந்தே, முற்றுப்புள்ளியெல்லாம் சரியாக வைத்து, தயிர் உறையவில்லை, கடையில் வாங்கி வா, கொடியில் உன் சேலை காய்ந்துவிட்டது என்று. நான் இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து வந்து குரோம்பேட்டை வீட்டின் கதவைத் திறந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும், பேசிப் பாரும்மா, என்கிட்ட மட்டும் பேசேன் என்று எத்தனையோ முறை கேட்டேன், என் கையில் இருக்கும் போன் டிங் என்னும், அது என் குரல் இல்லை என்று வந்திருக்கும். அப்படி ஒரு சாயங்காலம் ஆபீஸ் தோழி அனுப்பிய வீடியோவை, எதுவென்று பார்க்காமலே, காபி கலந்துகொண்டே தட்டினேன், அன்பு விருந்தினர்களே என்று அம்மாவின் குரல் சமையலறையில் கேட்டது, தேயாத குரல், பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. அம்மா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். தாம்பரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நசீர் என்பவர் மூடப்பட்ட பூங்காக்களின் பழைய வீடியோக்களைத் தேடித் தேடிச் சேர்ப்பாராம், யாருடைய கல்யாண கேசட்டின் மிச்சத்திலோ பாதாள நதி அகப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு சவாரியையும் போட்டுக் காட்டிவிட்டுக் கடைசியில், இன்னைக்குப் பார்த்தா இது தேறுமா தேறாதா என்று கேட்டுத் தானே பதிலும் சொல்வார், கொலம்பஸ் தேறும், குட்டி ரயில் தேறாது, பாதாள நதிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்து, பொம்மைங்க சுத்தமா தேறாது நண்பர்களே, திமிங்கிலத்தப் பாருங்க, பன்னிக்குட்டி மாதிரி இருக்கு, ஆனா இந்த வாய்ஸ், யாரு பெத்த புள்ளையோ, இது எந்தக் காலத்துக்கும் தேறும் என்றார். அம்மா முழுவதும் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாம் முறை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினாள், அந்த இடத்தில் மூச்சு வாங்கியது கேட்கிறது, கவனித்திருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினாள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது, அந்தக் குரல் தேறும். இந்தக் குரல் தேறாது.

வீடியோவுக்குக் கீழே, இது என் அம்மாவின் குரல் என்று என் போன் நம்பரோடு எழுதினேன், மறுநாளே நசீர் அழைத்தார், மேடம் நிஜமாவா, அவங்க இருக்காங்களா, நல்லா இருக்காங்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்த இருட்டுக்குப் பயந்து அழுத பையனாம் அவர். உல்லாசத் தீவை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், அதற்கு முன்னால் ஒரு காலை மட்டும் உள்ளே போய்ப் படம்பிடிக்க அனுமதி வாங்கியிருக்கிறேன், அம்மா வந்தா எப்படி இருக்கும் மேடம் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன், அம்மா மாட்டேன் என்றுதான் சொல்வாள் என்று இருந்தேன், ஆனால் பதில் வந்தது, வருகிறேன். பொம்மைகளைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும், அவற்றை ஊருக்கெல்லாம் விளக்கினேனே தவிர நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை, படகில் போகும்போதெல்லாம் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டையைப் பற்றி அவரிடம் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

சவுக்குத் தோப்பு இல்லை, மதில் இருக்கிறது, மதிலில் பாதி அழிந்த கோமாளி இருக்கிறான், நசீர் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கிறார், நரை ஓடிய தாடி, கழுத்தில் கேமரா, அம்மாவைப் பார்த்ததும் கை இரண்டையும் கூப்பி, அம்மா, நீங்க பேசுறத நேர்ல கேக்கணும்னுதாம்மா, என்று ஆரம்பித்துச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மைக்கை எடுத்து, ஒருதடவ அந்த அன்பு விருந்தினர்களேவ மட்டும் சொல்லிருங்க போதும் என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மா கழுத்துத் துணியைச் சற்று விலக்கினாள். அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது, புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, தெரியாதும்மா, சத்தியமா தெரியாது என்று மைக்கைப் பைக்குள் போட்டுக்கொள்ளப் போனார், அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் சேலைத் தலைப்பில் தானே குத்திக்கொண்டாள், எதற்காக என்று எனக்கும் தெரியவில்லை, வாங்க என்பதுபோல் தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

குகை வாயிலில் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், தண்ணீர் ஓடிய வாய்க்கால் வறண்டு சருகு நிறைந்திருந்தது, படகு போன வழியில் நாங்கள் நடந்துபோனோம், நான் அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தேன், கூரை பெயர்ந்த இடங்களில் வெளிச்சம் தூண்போல் இறங்கியது, மற்ற இடங்களில் கைபேசி விளக்குதான், வௌவால் வாடை, ஆலஞ்செடியின் வேர்கள் சுவரைப் பிளந்துகொண்டு தொங்கின. இவ்வளவு சின்ன இடமா என்று எனக்கு இருந்தது, பாதாளம் என்று நாங்கள் நம்பியது ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம்கூட இருக்காது. நசீர் சங்கடத்தை மறைக்கக் கேமராவைப் பார்த்து வேகமாகப் பேசிக்கொண்டே வந்தார், நண்பர்களே, இதோ இந்த வளைவுலதான் அந்த ஃபேமஸான ஆக்டோபஸ் இருந்துச்சு, இப்ப பாருங்க வெறும் கம்பி என்றார். இல்ல, என்று ஒரு குரல் கேட்டது. நசீர் விளக்கைத் திருப்பினார். அம்மா நின்றுவிட்டிருந்தாள், கட்டைவிரல் கழுத்தில் இருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது, எக்ஸ்சேஞ்சில் யாராவது நம்பரைத் தப்பாகச் சொன்னால் அவளுக்கு வரும் அதே முகம். ஆக்டோபஸ் அடுத்த வளைவு, என்றாள், விரலை எடுத்து மூச்சு வாங்கினாள், மறுபடி மூடினாள், இங்க இருந்தது நாககன்னி.

நசீரின் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, அதை அம்மாவும் பார்த்தாள், அணைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன், அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், தொண்டையைச் செரும முடியாதவள் செருமுவதுபோல் தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினாள், பிறகு நடந்துகொண்டே பேச ஆரம்பித்தாள். அன்பு விருந்தினர்களே, என்றாள், நின்றாள், நதி வற்றிவிட்டது, என்றாள், நின்றாள், அதனால் நடந்து போகிறோம். நாககன்னிக்கு இப்போது வால் மட்டும் இருக்கிறது. மேலே வௌவால்கள் தூங்குகின்றன, விளக்கை மேலே அடிக்காதீர்கள். ஒரே மூச்சில் நீளமாக ஓடிய வாக்கியங்கள் இல்லை, துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே விரல் எடுத்து மூச்சு, சுவர்களில் பட்டு அந்தக் கரகரப்பு இன்னும் பெரிதாகத் திரும்பியது, எனக்கு முதலில் வேறு யாரோ எங்களோடு வருவதுபோல்தான் இருந்தது, சித்தியைச் சொல்லிக் குற்றமில்லை என்று தோன்றியது. ஆக்டோபஸ் வளைவைத் தாண்டித் திமிங்கிலத்துக்கு வந்தோம், வாய் பிளந்தபடி அப்படியே கிடந்தது, உள்ளிருந்து ஒரு நாய் உறுமியது, அம்மா சட்டென்று கையால் எங்களை மறித்தாள், இது திமிங்கிலம், என்றாள், இதன் வாயில் ஒரு தாய் குட்டி போட்டிருக்கிறாள், பின்னே கொஞ்சம் நிறுத்தி, ஆகவே யாரும், தயவுசெய்து, பன்னிக்குட்டி என்று சொல்ல வேண்டாம். நசீர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார், நான் சிரிக்கவில்லை, அந்த ஆகவேக்கு முன்னால் வந்த நிறுத்தம், சொல்வதற்கு முன்னால் கேட்பவரை ஒரு நொடி காத்திருக்க வைக்கும் அந்த நிறுத்தம், அதை மருத்துவமனையில் யாரும் எடுக்கவில்லை, அது அப்படியே இருந்தது, என் அம்மா அதில்தான் இருந்தாள், பெரியவள் ஆனபின் முதல்முறையாக அவள் முழங்கையைவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் இன்னொரு கையால்தான் பேசிக்கொண்டிருந்தாள், அதனால் தொந்தரவில்லை.

வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. நசீர் கேமராவை அணைத்தார், அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேறுமா, என்று கேட்டாள். அவர் சமாதானத்துக்காக உடனே பதில் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது, தாடியைத் தடவிக்கொண்டு, பொய் சொல்லக் கூடாதும்மா, முதல்ல திக்குனு இருந்துச்சு, அப்புறம் அந்த நாயச் சொன்னீங்க பாருங்க, சிரிச்சப்ப எனக்குக் குரல் ஞாபகமே இல்ல என்றார், போடலாமாம்மா, வேணாம்னா வேணாம். அம்மா மைக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தாள், போடுங்க, என்றாள், மூச்சு வாங்குறத வெட்டாதீங்க.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை, கடைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நசீர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் போய் நின்று, மூணு டீ, என்றாள். இதோ சார், ஒரு நிமிஷம் சார், என்றார் அவர் திரும்பாமலே. நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன், பார்த்தபோது அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன, சத்தம் இல்லாத சிரிப்பு, கண்ணில் நீர் வருமளவுக்கு. கடைக்காரர் திரும்பினார், அம்மாவைப் பார்த்தார், கழுத்துத் துணியையும் பார்த்தார், ஐய, அம்மாவா, மன்னிச்சுக்கம்மா, தொண்ட கட்டிக்கிச்சா, பாவம், மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டுத் தரவா, ரெண்டே நாள்ல சரியாப் போயிடும் என்றார். விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன், அம்மா என் கையை லேசாக அழுத்தி நிறுத்தினாள், விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள், நிறையப் போடுங்க, என்றாள்.